ரப்பர் மரக் கம்பெனித் தூளைப் புல் விரிப்புக் கலவையில் சேர்க்கலாமா?

குழித்துறைப் புல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டை ஒட்டிய நிலத்தில் புல் விரிப்பு வளர்த்து விற்கிறேன். கொரியன் புல்லும் மெக்சிகன் புல்லும்தான் இங்கே அதிகம் ஓடும். பெர்முடா யாராவது கேட்டால் மட்டும் போடுவேன்.

முறையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கேள்வி புரியும். தரையைச் சமப்படுத்தி, கெட்டியான பாலித்தீன் தாள் விரித்து, அதன்மேல் ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் கலவையைப் பரப்பி, புல் துண்டுகளை நெருக்கமாக ஊன்றுவோம். வேர் கீழே இறங்க வழியில்லாததால் தாளின்மேலேயே பின்னிக்கொள்ளும். நிலத்தில் வளர்த்தால் வெட்டி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் மேல்மண் போய்விடும். இதில் அந்தக் கஷ்டம் இல்லை, அப்படியே சுருட்டி வண்டியில் ஏற்றலாம்.

இதுவரை என் கலவை செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு. புல் நன்றாக வரும், ஆனால் கனம் தாங்காது. இப்போது கேட்பவர்களில் பாதிப் பேர் மொட்டை மாடிக்குத்தான் கேட்கிறார்கள். நனைந்த செம்மண் விரிப்பை மூன்று மாடி ஏற்றச் சொன்னால் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள், வீட்டுக்காரருக்கும் தளத்தைப் பற்றிப் பயம். தென்னை நார்க்கழிவு போடலாம் என்றால், ஏற்றுமதிக்குப் போவதால் நல்ல சரக்கின் விலை என் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

பக்கத்தில் ரப்பர் மரப் பலகை செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. தூளையும் சீவலையும் வண்டி வாடகை மட்டும் கொடுத்தால் அள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு அந்தத் தூள், ஒரு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண் என்று இரண்டு பாத்தி போட்டுப் பார்த்தேன். பக்கத்திலேயே தூள் இல்லாத பாத்தியும் இருக்கிறது.

தூள் போட்ட பாத்தியில் புல் பிடித்துவிட்டது, வேரும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் மொத்தமாக வெளிறியது. அப்புறம் ஒவ்வொரு இலையின் நுனியும் கால் அங்குலத்துக்குப் பழுப்பாகிக் காய்ந்தது. மெஷின் ஓட்டிக் கத்தரித்ததும் பச்சையாகத் தெரியும். இலை வளர வளர நுனி மறுபடியும் கருகுகிறது. பக்கத்துப் பாத்தியில் இப்படி எதுவும் இல்லை. தண்ணீர் இரண்டுக்கும் ஒரே கிணறுதான்.

அந்த மரத்துக்கு ஏதோ மருந்து ஏற்றுகிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் பையன் சொன்னான். என்ன மருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை. இந்த விரிப்பின்மேல் குழந்தைகள் உட்கார்ந்து விளையாடுவார்கள், அதனால்தான் கேட்கிறேன். மருந்து ஏற்றிய மரத்தின் தூளைப் புல்லுக்குப் போடலாமா, கூடாதா? கழுவியோ மட்க வைத்தோ பயன்படுத்த முடியுமா?

கோவை மாடித்தோட்டம்:

அக்கா, மருந்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் தழைச்சத்துக் கணக்கைப் பாருங்க, அதாவது நைட்ரஜன். பச்சை மரத்தூளில் கார்பன் ரொம்ப அதிகம், நைட்ரஜன் ரொம்பக் குறைவு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நானூறு பங்குக்கு மேல் கார்பன் இருக்கும். அதை மட்க வைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனைக் கலவையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். புல்லுக்கு மிஞ்சாது. மொத்தமாக வெளிறியது என்று சொன்னீங்களே, அது இதுதான். அடி இலை முதலில் மஞ்சளாகும், அப்புறம் மேலே ஏறும்.

நாங்கள் வைத்திருக்கும் கணக்கு: உலர்ந்த தூளின் எடையில் நூற்றுக்கு ஒன்று நைட்ரஜன். ஒரு டன் உலர்ந்த தூளுக்கு 10 கிலோ நைட்ரஜன், அதாவது கிட்டத்தட்ட 22 கிலோ யூரியா. இதைப் பாத்தியில் நேரடியாகக் கொட்டக் கூடாதுங்க, வேர் வெந்துவிடும். தூளைத் தனியாகக் குவித்து, நனைத்து, யூரியாவையும் கொஞ்சம் சாணத்தையும் கலந்து, புரட்டிப் புரட்டி மட்க வைக்கணும். குவியல் சூடாகி, சூடு தணிந்து, தூள் கருப்பாக மாறிய பிறகுதான் கலவைக்கு எடுக்கணும்.

இன்னொன்று, நார்க்கழிவை விட்டுவிடாதீங்க. நல்ல சரக்குதான் வேண்டும் என்று இல்லை. மட்காத மட்டச் சரக்கை வாங்கி நீங்களே மட்க வைக்கலாம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போடுவார்கள். 112க்கு 1 என்று இருக்கும் கார்பன் நைட்ரஜன் விகிதம் 24க்கு 1 என்று இறங்கிவிடும். அதே அளவுக்கு இறங்க மரத்தூளுக்கு இன்னும் நெடுநாள் ஆகும்.

நுனிக் கருகல் எனக்கும் புரியவில்லை. நார்க்கழிவில் உப்பு இருந்தால் வரும். ஆனால் உங்கள் பக்கத்துப் பாத்தியில் நார்க்கழிவு இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லையே?

குழித்துறைப் புல்காரி:

பக்கத்துப் பாத்தியில் நார்க்கழிவு பாதி, செம்மண் பாதி. இரண்டுக்கும் அதே மூட்டைதான், அதனால் உப்பாக இருக்காது என்று நினைக்கிறேன். வெளிறியபோது யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தேன். நிறம் திரும்பிவிட்டது, நீங்கள் சொன்னது சரிதான் தம்பி. நுனி மட்டும் அப்படியே கருகிக்கொண்டிருக்கிறது.

சிலிண்டர் அண்ணாச்சி:

தங்கச்சி, ரப்பர் மரம் பதப்படுத்தும் யூனிட்டில், பலகைக்கு மருந்து ஏற்றும் சிலிண்டர் பக்கம் நின்றே என் வேலைக்காலம் கழிந்தது. நீங்கள் தூள் என்று ஒரே பேரில் சொல்வது உண்மையில் இரண்டு சரக்கு. அது எந்த மெஷினுக்குக் கீழே விழுந்தது என்று கேளுங்கள், பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ரப்பர் மரத்தை வெட்டிப் போட்டால் அன்றைக்கே கெட ஆரம்பிக்கும். மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த மரம் அது. நீலப் பூஞ்சை ஏறும், தூள் வண்டு துளைக்கும், சில மாதத்தில் பலகை உளுத்துக் கொட்டும். ஒரு காலத்தில் விறகுக்கும் தீப்பெட்டிக்கும் பெட்டி அடிக்கவும் மட்டும் போன மரம், மருந்து ஏற்றும் முறை வந்த பிறகுதான் கட்டில், கதவு என்று ஆனது. அதனால் தடி வந்ததும் பேண்ட்சா என்கிற பட்டை ரம்ப மெஷினில் பலகையாக அறுத்து, ஈரத்தோடு சிலிண்டருக்குள் தள்ளிக் கதவை இறுக்குவோம். முதலில் காற்றை உறிஞ்சி வெற்றிடம், அப்புறம் கரைசலை விட்டு அழுத்தம். கரைசலில் போரிக் அமிலம் ஒரு பங்கு என்றால் வெண்காரம் ஒன்றரைப் பங்கு. வெளியே எடுத்து அடுக்கி, சூட்டறையில் காய வைத்து ஈரத்தை நூற்றுக்குப் பன்னிரண்டு அளவுக்கு இறக்குவோம். இழைப்பதும், துண்டு போடுவதும், பல் வெட்டி ஒட்டுவதும் எல்லாம் அதற்கு அப்புறம்.

அப்படியானால் பேண்ட்சா தூள் மருந்து படாதது. இழைப்பு மெஷின் சீவல் மருந்து ஏறியது. அதிலும் பலகையின் மேல்பரப்பில்தான் மருந்து அதிகம் நிற்கும், இழைப்பு மெஷின் சீவி எடுப்பதும் அந்த மேல்பரப்பைத்தான்.

கையில் எடுத்தாலே தெரியும். பேண்ட்சா தூள் ஈரமாக, பிசுபிசுப்பாக, ரவை அளவில் இருக்கும். ரப்பர் பாலின் புளித்த வாடை அடிக்கும். சாக்கில் கட்டி வைத்தால் சில நாளில் கருத்துப் பூசணம் பூக்கும். இழைப்புச் சீவல் காய்ந்து, வெளிர் மஞ்சளாக, சுருள் சுருளாக இருக்கும். ஊதினால் பறக்கும். மழையில் நனைந்து கிடந்தாலும் லேசில் பூசணம் பிடிக்காது. பூசணம் பிடிக்காத மரத்தூளைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும். ரப்பர் மரத்தூளில் சிப்பிக் காளான் போடுகிறவர்கள் பேண்ட்சா தூளைத்தான் கேட்டு வாங்குவார்கள். மருந்து ஏறியதில் காளான் இழை ஓடாது.

உங்களுக்கு வந்தது இழைப்புச் சீவல் என்றுதான் படுகிறது. போரிக் அமிலத்திலும் வெண்காரத்திலும் இருப்பது போரான், நுனிக் கருகல் அது மிஞ்சியதற்கான அடையாளம். போரான் தண்ணீரோடு வேர் வழியே ஏறி, தண்ணீர் ஆவியாகும் இலை நுனியில் தங்கிவிடும். அங்கிருந்து திரும்பி வராது. புல்லுக்கு ஒரு வசதி, நுனியைக் கத்தரிக்கக் கத்தரிக்க சேர்ந்த போரானும் வெளியேறுகிறது. அதனால்தான் நீங்கள் மெஷின் ஓட்டியதும் நன்றாகத் தெரிகிறது. இதே கலவையில் பயறோ எலுமிச்சைக் கன்றோ வைத்திருந்தால் பிழைத்திருக்காது.

அளவு சொல்கிறேன். ரப்பர் மரத்தில் உலர்ந்த எடைக்கு அரை சதவீதம் போரிக் அமிலம் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ சீவலில் 5 கிராம். போரிக் அமிலத்தில் போரான் 17.5 சதவீதம், ஆக 875 மில்லிகிராம் போரான். மண்ணில் செடிக்குக் கிடைக்கும் போரான் கிலோவுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இருந்தாலே பயிருக்குப் போதும். ஐந்தைத் தாண்டினால் பல பயிர் கருகும். மூன்றில் ஒரு பங்கு சீவல் போட்டால், அது எடை குறைந்த சரக்கு என்று கழித்தாலும் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். உங்கள் புல் இவ்வளவு தாங்கியதே பெரிது.

கழுவலாமா என்று கேட்டீர்கள். போரான் மரத்தில் ஒட்டிக்கொள்வதில்லை, தண்ணீரில் கரைந்து வரும். அதனால்தான் போரான் ஏற்றிய மரத்தை மழை படும் இடத்தில் வைக்கக் கூடாது என்பார்கள். சீவலை வெட்டவெளியில் குவித்து இரண்டு மழைக்காலம் விட்டால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? உங்கள் கிணற்றுக்கோ பக்கத்துக்காரர் பயற்று வயலுக்கோ போகக் கூடாது. மட்க வைப்பதைப் பற்றிச் சொன்னால், போரான் ஒரு தனிமம், அது மட்கி மறையாது. தூள் மட்கிச் சுருங்கினால் மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். கோவைத் தம்பி சொன்ன யூரியா முறை பேண்ட்சா தூளுக்கு அப்படியே பொருந்தும். சீவலுக்குப் பொருந்தாது.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டீர்களே. போரிக் அமிலத்தைத் தின்றால் கெடுதல்தான், அந்தச் சீவலை அவர்கள் கையில் கொடுக்க மாட்டேன். ஆனால் புல்லுக்கு அடியில் கிடந்து மழையில் கரைந்து போகிற சரக்கு அது. நான் நிஜமாகப் பயப்படுவது வேறு மருந்துகளுக்கு. கம்பெனியில் மேஸ்திரியிடம் நேராகக் கேளுங்கள்: போரான் மட்டும்தானா, பூஞ்சைக்கு வேறு ஏதாவது சேர்க்கிறார்களா? முன்பு சோடியம் பென்டாகுளோரோஃபினேட் கலக்கும் பழக்கம் இருந்தது. அது இருக்கிற தூள் எதற்கும் ஆகாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். விரலி மஞ்சளை அரைத்துச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊற வைத்து, வெள்ளை வடிதாளைத் துண்டு துண்டாக அதில் முக்கி நிழலில் காய வையுங்கள். ஒரு கைப்பிடி தூளைக் கொஞ்சம் வெந்நீரில் ஊற வைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரில் டைல்ஸ் கழுவும் ஆசிட் சில சொட்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆசிட்டைத் தண்ணீரில்தான் விட வேண்டும். மஞ்சள் தாளை அதில் நனைத்துக் காய விடுங்கள். காயக் காயச் சிவந்தால் போரான் இருக்கிறது. சிவந்த இடத்தில் சலவைச் சோடாத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால் கரும்பச்சையாக மாறும், அப்போது உறுதி. ஆசிட் விடாமல் பார்க்காதீர்கள். சுண்ணாம்போ சோடாவோ பட்டாலும் மஞ்சள் சிவக்கும், குங்குமம் செய்வது அப்படித்தானே. வெறும் நார்க்கழிவுத் தண்ணீரிலும் ஒரு தாளை நனைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

நாமக்கல் மாட்டுக்காரன்:

அண்ணா, இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே கேள்வி. கோ-4 தீவனப் புல் போட்டிருக்கிறேன், நிலம் கட்டித் தரை. பழைய மரக்கடையில் கூலிங் டவர் (ஆலையின் சுடுதண்ணீரை ஆற வைக்கும் கோபுரம்) பிரித்த மரம் மலிவாகக் கிடைத்தது, கொட்டகைக்கு வாங்கினேன். மிச்சத்தை மரத்தைச் சில்லுச் சில்லாக்கும் சிப்பர் மெஷினில் விட்டுப் புல் வரிசைக்கு இடையில் மூடாக்காகப் போட்டால் மண் இளகும் என்று நினைக்கிறேன். ஓரம் வெட்டினால் உள்ளே கொஞ்சம் பச்சை நிறம் தெரிகிறது. அதோடு சரக்கு அடுக்கி வரும் பேலட் சட்டத்தின் மரமும் கொஞ்சம் கிடக்கிறது. இவற்றைப் போடலாமா?

சிலிண்டர் அண்ணாச்சி:

தம்பி, கூலிங் டவர் மரத்தைச் சிப்பர் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே அரைத்திருந்தால் மூட்டை கட்டி ஓரமாக வையுங்கள், மாடு எட்டாத இடத்தில்.

நாள் முழுக்கச் சூடும் ஈரமும் படும் மரம் அது. அதற்குப் போரான் போதாது, கரைந்துவிடும். அதனால் செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் சேர்ந்த மருந்தை ஏற்றுவார்கள், தொழிலில் சி.சி.ஏ. என்போம். இதைக் கண்டுபிடித்ததே நம் நாட்டில்தான். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசன் செய்தது. ஆஸ்கு என்ற பேரில் சந்தைக்கு வந்து, உலகமெங்கும் மின்கம்பத்துக்கும் வேலிக் கல்லுக்குப் பதிலான மரத்துக்கும் பரவியது. மருந்தாக அது அபாரமான மருந்து. கரையானும் பூஞ்சையும் பல பத்தாண்டுகளுக்குக் கிட்ட வராது. நீங்கள் பார்த்த பச்சை நிறம் அதனுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமான பிறகும் ஆர்செனிக் உள்ளேயேதான் இருக்கும்.

மண்ணில் ஊன்றும் மரத்துக்கு அமெரிக்கத் தரப்படி கன மீட்டருக்கு 6.4 கிலோ சி.சி.ஏ. நிற்க வேண்டும். அதில் ஆர்செனிக் ஆக்சைடு நூற்றுக்கு 34. ஆர்செனிக்காக மட்டும் கணக்குப் போட்டால் ஒரு கன மீட்டர் மரத்தில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சாதாரண மண்ணில் கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கும், இந்த மரத்தில் கிலோவுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டும்.

மரம் முழுசாக நிற்கும்போது மருந்து நாரோடு பிணைந்து பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், கசிவது கொஞ்சம்தான். சிப்பாகவோ தூளாகவோ ஆக்கினால் தண்ணீர் படும் பரப்பு பல மடங்காகிறது. சாணமும் மட்கும் இலையும் சேர்ந்த இடத்தில் வரும் புளிப்பு அமிலம் செம்பையும் குரோமியத்தையும் இன்னும் இளக்கும். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இடித்த கட்டட மரத்தை அரைத்துப் பூங்கா மூடாக்காக விற்றபோது அதில் இந்த மரம் கலந்து ஆர்செனிக் வெளியேறியதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2003 முடிவோடு அந்த நாட்டில் வீட்டு உபயோக மரத்துக்கு சி.சி.ஏ. ஏற்றுவதைக் கம்பெனிகள் தாங்களாகவே நிறுத்திவிட்டன.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், புல் நன்றாகவே வளரக்கூடும். தங்கச்சியின் புல் நுனி கருகிக் காட்டிக்கொடுத்தது, இது அப்படிக் காட்டாது. மாடு புல்லோடு சேர்த்துச் சிப்பையும் மண்ணையும் வாங்கும். அதைவிட மோசம் எரிப்பது. சாம்பலில் ஆர்செனிக் திரண்டு நிற்கும். சாம்பலில் உப்புச் சுவை இருப்பதால் மாடு தேடி வந்து நக்கும். அப்படி நக்கி மாடுகள் செத்தது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அடுப்புக்குக் கொடுக்காதீர்கள், சூளைக்காரருக்கும் கொடுக்காதீர்கள். கொட்டகையின் மேல்கூரைக்கு வைத்தது இருக்கட்டும். தீவனத் தொட்டிக்கும் மாடு நக்கும், உரசும் உயரத்துக்கும் வேண்டாம்.

பேலட்டில் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டின் எழுத்து, அப்புறம் ஹெச்.டி. அல்லது எம்.பி. என்று இருக்கும். ஹெச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏற்றியது, மருந்து எதுவும் இல்லை. அதன் தூள் சாதாரண மரத்தூள்தான், தழைச்சத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டால் போதும். எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு வாயு அடித்தது, தீவனப் புல்லுக்கு அதை நான் எடுக்க மாட்டேன். முத்திரை எதுவாக இருந்தாலும் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ அடித்தால் ஒதுக்குங்கள், மேலே என்ன ஏற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பிளைவுட், எம்.டி.எஃப். தூளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிசின் ஒன்று, பூச்சிக்குப் பசையில் கலக்கும் மருந்து இன்னொன்று. வேண்டவே வேண்டாம். கருப்பு எண்ணெய் நாற்றம் அடிக்கும் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையும் அப்படித்தான், அதில் ஏற்றியது கிரியோசோட் என்கிற தார் எண்ணெய்.

நாமக்கல் மாட்டுக்காரன்:

நன்றி அண்ணா. சிப்பரை இன்னும் வாடகைக்கு எடுக்கவில்லை, நல்லவேளை. தொட்டிக்குக் கால் நட்டதில் இரண்டு அந்த மரம்தான், நாளைக்கே கருங்கல்லாக மாற்றுகிறேன். கரும்புத் தோகை பக்கத்திலேயே கிடைக்கிறது, மூடாக்குக்கு அதையே போட்டுவிடுகிறேன்.

குழித்துறைப் புல்காரி:

அண்ணாச்சி, கம்பெனிக்குப் போய் வந்தேன். நீங்கள் சொன்னது போல இரண்டு குவியல் இருக்கிறது, ஒன்று பேண்ட்சா கொட்டகையின் பின்பக்கம், இன்னொன்று இழைப்பு மெஷினின் தூள் குழாய் வந்து விழும் அறை. எனக்கு ஏற்றிவிட்டது அந்த அறையிலிருந்து, வண்டி நேராக உள்ளே போக வசதி என்று. மேஸ்திரி நல்ல மனிதர். வெண்காரமும் போரிக் அமிலமும் மட்டும்தான் என்று சொல்லி மருந்துச் சாக்கையே காட்டினார்.

மஞ்சள் தாள் சோதனையும் பண்ணினேன். நான்கு தாள்: நார்க்கழிவு, பேண்ட்சா தூள், இழைப்புச் சீவல், கருகிய பாத்தியின் கலவை. முதல் இரண்டும் மஞ்சளாகவே காய்ந்தன. சீவல் தாள் ஓரத்திலிருந்து சிவக்க ஆரம்பித்து முழுக்கச் செங்கல் நிறமாகிவிட்டது. சோடாத் தண்ணீர் வைத்ததும் அந்தப் புள்ளி கரும்பச்சையானது. பாத்திக் கலவைத் தாள் அதைவிட லேசான சிவப்பு, ஆனால் சிவப்புதான்.

இப்போது அந்த இரண்டு பாத்தியை என்ன செய்ய? வேர் நன்றாகப் பின்னி, சுருட்டும் பதத்தில் இருக்கிறது.

சிலிண்டர் அண்ணாச்சி:

பாலித்தீன் மேல் இருக்கிற வரைக்கும் போரான் வெளியே போக வழி இல்லை. நீங்கள் விடும் தண்ணீர் ஆவியாகும், மருந்து அங்கேயே நிற்கும். தரையில் விரித்து நல்ல தண்ணீர் நிறைய விட்டால் கீழே இறங்கிவிடும், புல்லும் தெளியும். மாடிக்கு மட்டும் கொடுக்காதீர்கள், அங்கேயும் அடியில் தாள்தான். ரோஜா, எலுமிச்சை, காய்கறிப் பாத்தி இருக்கிற வீட்டுத் தோட்டத்துக்கும் வேண்டாம். கிணற்றிலிருந்து தள்ளி, உங்கள் சொந்த இடத்தில் சரிவுள்ள மேட்டில் விரித்துவிடுங்கள், மண் அரிப்பையாவது தடுக்கும். மிச்சச் சீவலுக்கு மேலே தார்ப்பாய் மூடிக் கம்பெனிக்கே திருப்பி அனுப்புங்கள்.

பேண்ட்சா தூளுக்கு யூரியா கணக்குப் போடும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். தம்பி சொன்ன 22 கிலோ உலர்ந்த டன்னுக்கு. ஈரத்தூளில் பாதிக்குப் பக்கத்தில் தண்ணீர்தான், அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு லோடு வரும்போதும் ஒரு மஞ்சள் தாள் நனைத்துப் பாருங்கள். பாத்தி போடும் முன் ஒரு தொட்டியில் அந்தக் கலவையை நிரப்பிப் பச்சைப் பயறு பத்து மணி போட்டு, பக்கத்தில் வெறும் மண்ணில் பத்து மணி போடுங்கள். பயறும் எள்ளும் போரானைத் தாங்காது, புல்லுக்கு முன்னால் அவை சொல்லிவிடும்.

கோவை மாடித்தோட்டம்:

அண்ணா, நுனிக் கருகலை நான் உப்பு என்றே முடிவு கட்டியிருப்பேன். அக்கா, மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி கொடுக்கும்போது போரான் வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கொடுங்க. சும்மா கொடுத்தால் தழை, மணி, சாம்பல் சத்தும் கார அமில நிலையும் உப்பும் மட்டும் பார்த்து அட்டை கொடுத்துவிடுவார்கள்.

குழித்துறைப் புல்காரி:

சரி தம்பி, சொல்லியே கொடுக்கிறேன். இரண்டு பாத்தியையும் தென்னந்தோப்புச் சரிவுக்குச் சுருட்டிக்கொண்டு போக ஆள் சொல்லியாகிவிட்டது, கிணறு மறுபக்கம் இருக்கிறது. மாடிக்கு முன்பணம் கொடுத்தவர்களிடம் பேசி, இந்த முறை நார்க்கழிவுக் கலவையிலேயே கொடுக்கிறேன், லாபம் குறைந்தாலும் பரவாயில்லை. பேண்ட்சா தூள் ஒரு லோடு அடுத்த வாரம் வருகிறது. யூரியா போட்டுக் குவித்துவிட்டு மழை முடிந்த பிறகுதான் எடுப்பேன்.

மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தூளில் சிப்பிக் காளான் போடுகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அறுவடை முடிந்த பைகளை நானே வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறேன். பாதி மட்கிய தூள், மருந்தும் இருக்காது, எனக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.